இருநூற்று அறுபது ரூபாய்த் தக்காளி

குக்கர் விசில் எண்ண மறந்து பருப்பைக் குழைத்துக்கொண்டே இருந்ததால், கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் இந்த டைமரை வாங்கினேன். 260 ரூபாய். தக்காளி உருவம், பேட்டரி கிடையாது. இடுப்பைப் பிடித்துத் திருகினால் டிக்டிக்கென்று ஓடும், நேரம் முடிந்ததும் கிர்ரென்று மணியடிக்கும். மூன்றாம் நாளே என் கைப்பையில் ஏறி ஆபீசுக்கு வந்துவிட்டது. ஐந்து மாதமாகிறது, இன்னும் வீடு திரும்பவில்லை.

நான் ஒரு வரி ஆலோசகரிடம் கணக்கு பார்க்கிறேன். எங்களுக்கு மாதம் என்றால் இரண்டே தேதி. 11-ல் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவம் ஜிஎஸ்டிஆர்-1, 20-ல் வரிக் கணக்கைக் காட்டிக் கட்டும் படிவம் 3பி. பார்ட்டிகளோ 10-ஆம் தேதி சாயங்காலம்தான் பில் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார்கள். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். பாட்டில் தண்ணீர் அப்படியே இருக்கும். ராத்திரி பையன் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தாலே சுள்ளென்று விழுவேன், பாவம்.

தக்காளியைப் பார்த்ததும் தம்பிதான் சொன்னான். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, இதே மாதிரி ஒரு தக்காளி டைமரை வைத்துத்தான் படித்தாராம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நாலு சுற்று ஆனால் கொஞ்சம் நீண்ட ஓய்வு. அதற்குப் பெயரே பொமொடோரோ, அவர்கள் பாஷையில் தக்காளி.

அந்த 25 எனக்குச் சரிப்படவில்லை. 14-ஆம் தேதிக்கு மேல் 2பி-யை (விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) வைத்துக் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக டிக் அடித்து வரும்போது நடுவில் மணியடித்தால், எங்கே விட்டோம் என்று தேடவே அடுத்த ஐந்து நிமிடம் போய்விடும். அதனால் 45 வைக்கிறேன். மணியடித்ததும் மொட்டை மாடி. பக்கத்து வீட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் நாலு மணிக்கு வரும் தலைவலி இப்போது பெரும்பாலும் வருவதில்லை. பையன் கதையும் முழுசாகக் கேட்கக் கிடைக்கிறது.

போனிலேயே டைமர் இருக்கிறதே என்பீர்கள். அதை நிறுத்தப் போனைக் கையில் எடுத்தால் வாட்ஸப்பில் நாலு பார்ட்டி நிற்பார்கள். தக்காளிக்கு அந்த வம்பு இல்லை.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம். முதல் நாள் சார் எட்டிப்பார்த்து, "என்ன அம்மணி, ஆபீசுல குக்கரு வெச்சுட்டியா?" என்றார். பக்கத்து சீட் அக்காவுக்காக இப்போது கைக்குட்டையை நாலாக மடித்து அதன்மேல் வைக்கிறேன். 5, 10 நிமிடத்துக்கு நேராகத் திருகினால் மணியே அடிக்காது. கடைசிவரை முறுக்கி, பிறகு பின்னால் கொண்டுவரவேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. 45 என்று வைத்தால் 46, 47 ஆகிறது. மணியும் நாலைந்து விநாடிதான், போனில் பேசிக்கொண்டிருந்தால் தவறிவிடும். எண்களின் பெயிண்ட் வேறு உரிய ஆரம்பித்திருக்கிறது.

19, 20 தேதிகளில் இதைத் தொடுவதே இல்லை. அந்த இரண்டு நாளுக்கு எந்தத் தக்காளியும் உதவாது.

நாலு ஸ்டார் கொடுக்கலாம். மாமியார் மட்டும், "குக்கருக்கு வாங்குனது எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.