ட்ரெய்லருக்கு இரும்புப் பெட்டியா, மரப் பெட்டியா?

வீடு வீடாகப் போய் கதவு, யன்னல், கூரை வேலை செய்கிற ஓடாவிக்கு (தச்சருக்கு) லான்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு மெசினும் ஒரு ட்ரெய்லரும் இருந்தால் பாதிப் பட்டறை கூடவே வரும். வட்டவாள், மெசின் சீவுளி, றூட்டர், ட்ரில், கிளாம்புகள், கை ஆயுதங்கள் எல்லாம் அதில்தான். பட்டா என்கிற சின்ன லொறி வைத்திருப்பவருக்கும் கதை பெரிதாக மாறாது. கேள்வி, அந்த ட்ரெய்லருக்குள் இதையெல்லாம் எதில் வைத்துப் பூட்டுவது என்பதுதான்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் மூன்று வழி இருக்கிறது. வெல்டிங் கடையில் கொடுத்து 2 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டி அடித்து ட்ரெய்லர் தளத்தோடு ஒட்டிவிடுவது ஒன்று. பிளைவூட்டில் நாமே பெட்டி செய்து, கோண இரும்புக் கூட்டுக்குள் தள்ளிப் பூட்டுவது இரண்டாவது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கிக் கட்டுவது மூன்றாவது. நான் வாங்கிய ட்ரெய்லரில் இரும்புப் பெட்டி ஏற்கெனவே இருந்தது. அதோடு சில மாரி காலம் வேலை செய்துவிட்டு மரப் பெட்டிக்கு மாறினேன். இனி இரும்புக்குப் போக மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இரும்பு வெல்லும் இடமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

பிளாஸ்டிக்கை முதலில் முடித்துவிடலாம். பாரம் குறைவு, துருப்பிடிக்காது, ரப்பர் விளிம்பு உள்ளதென்றால் மழைத் தண்ணீர் போகாது. ட்ரில்லும் பற்றரிகளும் வைக்க நல்லது. நானும் அதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் வெயிலில் கிடந்தால் கொளுவி உடையும், கத்தி இருந்தால் மூடியை வெட்டலாம், பெட்டியோடு தூக்கிக்கொண்டும் போகலாம். முழு ஆயுதத்தையும் நம்பி வைக்கிற இடம் அது அல்ல.

விலையைப் பற்றியும் நீட்ட ஒன்றுமில்லை. இரும்புக்குத் தகடும் கூலியும் போகும். மரத்துக்கு நம்முடைய கூலியை நாமே எடுத்துக்கொள்கிறோம், வெட்டுத்துண்டுகளும் ஒரு வழியாகப் பயன்படும். விற்கும்போது இரும்புக்குப் பழைய இரும்பு விலையாவது கிடைக்கும். ஒரு ஓடாவியின் பழைய மரப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்க ஆள் வராது.

பாரம் மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டியது. 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. 12 மில்லிமீட்டர் பிளைவூட் அதில் ஏறக்குறைய பாதி. எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்றே 46 கிலோவுக்கு மேல் வரும். ஆயுதம் ஒன்றும் வைக்காமலே அவ்வளவு பாரத்தை லான்ட்மாஸ்டர் இழுக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தீர்மானத்தை எடுத்துத் தந்தது கள்ளன் அல்ல, துரு.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே கல்முனை, சாய்ந்தமருது வரைக்கும் போகிற இந்தக் கரையில் ஒரு பக்கம் கடல். நம்முடைய பகுதியில் மறுபக்கம் வாவியும் சேர்ந்துகொள்கிறது. காற்றோடு வருகிற உப்பு எல்லாவற்றிலும் படியும். உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைட்டு அதைவிட வரண்ட காற்றிலும் ஈரம் இழுக்கும். அதனால் மழையே பெய்யாத நாளிலும் உளியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று நிற்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை, வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த காலத்தில், சொல்லவே வேண்டாம்.

இது எல்லாப் பெட்டிக்கும் பொதுவான கஷ்டம். இரும்புப் பெட்டி அதற்கு மேல் தன் பங்குக்கும் ஒன்று செய்கிறது. பகலில் வெயில் பட்டு உள்ளே இருக்கிற காற்று சூடாகி, ஈர மரத்தூளிலும் சாக்கிலும் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும். மழை விட்டு வானம் வெளித்த இரவில் மேல் தகடு வேகமாகக் குளிரும். உள்ளே உள்ள ஈரம் அந்தத் தகட்டின் அடியில் துளியாகக் கட்டும். விடியற்காலையில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறபோது, மழையே இல்லாமல் கழுத்தில் சொட்டு விழுகிறதே, அதுதான் பெட்டிக்குள்ளும் நடப்பது. என்னோடு வேலைக்கு வருகிற பொடியன் ஒரு நாள் மூடியைத் திறந்துவிட்டு, “பாஸ், ராத்திரி இதுக்குள்ளயும் மழ பெஞ்சிருக்கு” என்றான். பூட்டு அப்படியே இருந்தது, ரப்பர் விளிம்பும் சரியாக இருந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை.

விளிம்பை இன்னும் இறுக்கினால் நல்லது என்று நினைப்போம். நேர்மாறு. இறுக்க இறுக்க ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பெட்டியைத் தறப்பாளால் சுற்றி இறுக்கிக் கட்டினாலும் அதே கதைதான். தறப்பாளைப் பெட்டியில் ஒட்டாமல் ஒரு கம்பியில் தூக்கிக் கட்டி, இடையில் காற்று ஓடவிட வேண்டும்.

கல்வனைஸ் தகட்டில் அடித்தால் சரிவராதா என்று வெல்டிங் கடைக்காரர் கேட்பார். பெட்டி நீண்ட நாள் நிற்கும், உண்மை. என்றாலும் வெல்டிங் போன தையலில் நாகப்பூச்சு எரிந்துவிடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். அதைவிட முக்கியம், கல்வனைஸ் தகடும் வேர்க்கும். பெட்டியைத் துருவிலிருந்து காப்பாற்றி, உள்ளே இருக்கிற சீவுளியைத் துருவுக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன லாபம்?

துரு என்றால் அழகு கெடுகிறது என்ற அளவில் இல்லை. சீவுளியின் அடித்தட்டில் துரு குழி விழுத்தினால் அது மரத்தில் வழுக்காது. உளியின் பின்பக்கம் குழி விழுந்தால், எவ்வளவு தீட்டினாலும் அந்தக் குழி வாய்க்கு வருகிற இடத்தில் பல் தெரியும். முதிரை மரத்தில் பூட்டுக்கு இடம் வெட்டும்போது அந்தப் பல் அப்படியே மரத்தில் கோடாகப் பதியும். வாளில் துரு பிடித்தால் வெட்டுக்குள் இறுகும். கிளாம்பின் திருகுமரை இறுகிவிடும். இரும்புப் பெட்டி இருந்த காலத்தில் ஒவ்வொரு மாரியிலும் சாணைக்கல்லில் போன நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால் ஒரு நல்ல பெட்டியின் விலை வரும்.

மரப் பெட்டி இதில் வேறு மாதிரி நடக்கிறது. பிளைவூட் மூடி தகடு போலச் சட்டென்று குளிர்வதில்லை, அதனால் அடியில் துளி கட்டுவது அரிது. காற்றில் ஈரம் கூடினால் மரமே கொஞ்சம் குடிக்கும், கச்சான் என்கிற வரண்ட காற்று அடிக்கும்போது திருப்பி விடும். இதற்காகவே என் பெட்டியின் வெளிப்புறத்துக்கு மூன்று பூச்சு பெயின்ட் அடித்திருக்கிறேன், உட்புறத்தை வெறும் மரமாக விட்டிருக்கிறேன். உள்ளேயும் வார்னிஷ் பூசி மினுக்கினால் மரம் ஈரம் குடிக்கிற வேலையைச் செய்யாது. துரு அறவே வராது என்று சொல்லமாட்டேன். மாரியில் உளிகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் தடவி, சீவுளி அடிக்கு மெழுகு தேய்க்கத்தான் வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும். ஆனால் இப்போது அது துடைத்துவிட்டுப் போகிற வேலை.

எந்த மரமும் சரி என்று எடுக்கக் கூடாது. பச்சை மரத்தில் செய்த மூடிய பெட்டிக்குள் மரத்திலிருந்து வருகிற அமிலமே இரும்பைத் தின்னும். நன்றாகக் காய்ந்தது வேண்டும். சிப்போட் பக்கமே போகக் கூடாது, ஈரம் பட்டால் ஊதிப்போகும். தண்ணீர் தாங்குகிற பசையில் ஒட்டிய பிளைவூட்டை எடுத்து, வெட்டிய விளிம்பு எல்லாவற்றையும் பெயின்டால் அடைத்துவிட்டால் போதும். லாச்சி (இழுப்பறை) ஓடுகிற இடத்துக்கு முதிரைச் சட்டம் வைத்து மெழுகு தேய்த்திருக்கிறேன். கடையில் விற்கிற உருளைத் தண்டவாளம் வழவழவென்று ஓடும்தான், ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிறவல் றோட்டுப் புழுதியும் கரையில் உப்பும் சேர்ந்தால் குண்டுகள் இறுகிவிடும். பெட்டி தளத்தோடு ஒட்டி நிற்கக் கூடாது, அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தூக்க வேண்டும். தண்ணீர் வடியும், கறையான் ஏறினால் கண்ணுக்கும் தெரியும்.

இனி பூட்டு. இங்கே மரம் பலவீனம் என்பதை மறுக்க முடியாது. அலவாங்கு (கடப்பாரை) ஒன்று இருந்தால் பிளைவூட் கதவு நிமிடத்தில் பிளக்கும். அதற்குத்தான் கோண இரும்புக் கூடு. ட்ரெய்லர் தளத்தில் அதை போல்ட் போட்டு இறுக்கி, பெட்டியை உள்ளே தள்ளி, முன்னால் குறுக்கே ஒரு பட்டை இரும்பு விழுந்து பூட்டுகிற மாதிரி செய்திருக்கிறேன். அந்தப் பட்டையே மேடு பள்ளத்தில் லாச்சிகள் வெளியே பாயாமலும் தடுக்கிறது. போல்ட்டின் உருண்டைத் தலை வெளியே, நட் உள்ளே. நட்டுக்கு மேல் போல்ட் நுனியை அடித்துப் பரப்பிவிட வேண்டும். கீலின் ஊசி வெளியே தெரிந்தால் பூட்டு எவ்வளவு நல்லதென்றாலும் வீண், ஒரு பொட்டு வெல்டிங் வைக்க வேண்டும். பூட்டின் வளையத்தை வெட்டுகிறவன் வாயை நுழைக்க இடம் இல்லாதபடி, மேலே ஒரு துண்டு இரும்புக் குழாயை ஒட்டிவிடலாம். பூட்டின் உடல் பித்தளையாக இருக்கட்டும். சாவித் துவாரத்துக்கு எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டும், பென்சில் கரியை உரசி விடுவது நல்லது.

பெட்டியைப் பற்றியே பேசுகிறவர்கள் ட்ரெய்லரின் கொளுவி ஊசியை மறந்துவிடுகிறார்கள். அதை இழுத்தால் ட்ரெய்லர் கழன்று வரும், வேறொரு லான்ட்மாஸ்டர் இருந்தால் பெட்டியோடு சேர்த்தே போகும். ஊசியின் நுனியில் துளை போட்டுப் பூட்டு மாட்டுங்கள். இரவில் ஒரு சக்கரத்தைச் சங்கிலியால் தூணோடு கட்டுங்கள். மெசின்களின் தொடர் இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பொலிசில் முறைப்பாடு எழுதும்போது நிறத்தையும் கம்பனிப் பெயரையும் மட்டும் சொன்னால், ஊரில் இருக்கிற மெசின் எல்லாமே அந்த அடையாளத்துக்குப் பொருந்தும்.

மரப் பெட்டிக்கு இன்னொரு வசதி இருக்கிறது, ஒட்டிய இரும்புப் பெட்டியில் அது வரவே வராது. நான் ஒரே பெரிய பெட்டியாகச் செய்யவில்லை, இரண்டாகப் பிரித்தேன். குறுக்குப் பட்டையை எடுத்தால் இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கி வேலை நடக்கிற வீட்டுக்குள் வைத்துவிடலாம். வீட்டுக்காரர் சாவி தருகிறவர் என்றால் இரவில் ட்ரெய்லர் வெறுமையாக நிற்கும். “ஓடாவியார், உள்ளுக்க வைங்க, நாங்க பாத்துக்கொள்றம்” என்று சொல்கிற வீடுகள்தான் இங்கே அதிகம்.

உள்ளே அடுக்குவது அவரவர் கை. இரண்டு விதி மட்டும் சொல்வேன். பாரமான மெசின்கள் அச்சுக்கு மேலே, கொஞ்சம் முன்தள்ளி இருக்க வேண்டும். பின்னால் பாரம் கூடினால் கொளுவி மேலே தூக்கும், மேட்டில் ஏறும்போது லான்ட்மாஸ்டரின் பிடி கைக்கு அடங்காது. மற்றது, இரும்போடு இரும்பு உரசக் கூடாது. உளிக்கு ஒவ்வொரு துளையாகச் சட்டம், வாளின் பல்லுக்குப் பிளந்த குழாய், அடியில் பழைய டியூப் ரப்பர். மரத்தூளைப் பெட்டிக்குள் தங்கவிடவே கூடாது. பின்னேரம் சீவுளி வாயைத் தட்டிவிட்டு வைக்காவிட்டால், அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி அலகிலேயே ஒட்டி நிற்கும்.

இரும்பு எங்கே வெல்லும்? ஆள் இல்லாத கட்டட வேலையில், ட்ரெய்லரை வாரக் கணக்கில் விட்டுவிட்டு வரவேண்டியவருக்கு நான் மரத்தைச் சொல்லமாட்டேன். வெல்டிங் செய்கிறவர், கூரை இரும்பு வேலை செய்கிறவர், பெரிய மெசின் மட்டும் வைத்திருப்பவர், இவர்களுக்கும் இரும்பு போதும், தீட்டிய வாய் அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. கடலை விட்டு உள்ளே, உன்னிச்சைப் பக்கமோ அம்பாறை நகரத்துக்கு அப்பாலோ இருப்பவருக்கு உப்புத் தொல்லை குறையும். அங்கே நான் இடைக்கிடை வேலைக்குப் போனதோடு சரி, ஒரு முழு மாரி ட்ரெய்லரை அங்கே வைத்துப் பார்த்ததில்லை. வேர்ப்பது அங்கேயும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், எவ்வளவு என்று அங்குள்ள ஓடாவிமார்தான் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே இரும்புப் பெட்டி இருக்கிறது, மாற்றக் காசில்லை என்றால் மூடியின் அடியிலும் நான்கு பக்கத்திலும் 6 மில்லிமீட்டர் பிளைவூட்டைச் சிறு சட்டம் வைத்து, தகட்டோடு ஒட்டாமல் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் மேலே விளிம்போரம் துளை போட்டு, மழை நுழையாதபடி வெளியே சரிந்த தகடு வைத்து, வலை அடியுங்கள். என் பழைய பெட்டிக்கும் இதைத்தான் செய்தேன். இப்போது அது பற்றைவெட்டியும் கயிறும் கிடக்கிற பெட்டி, சொட்டு நன்றாகவே குறைந்துவிட்டது.

பற்றரிகளை மட்டும் ட்ரெய்லரில் எந்தப் பெட்டியிலும் விட்டுவிட்டு வராதீர்கள். மகிற்றா பற்றரியோடு வருகிற கையேட்டில் 50 பாகை செல்சியசை எட்டக்கூடிய இடத்தில் வைக்க வேண்டாம் என்று அச்சிட்டே தருகிறார்கள். கச்சான் காலத்து மத்தியான வெயிலில் மூடிக் கிடக்கிற பெட்டி எதையும் நான் நம்பமாட்டேன், மரமானாலும் சரி. மற்றதெல்லாம் ட்ரெய்லரில் கிடக்கும், பற்றரிப் பெட்டி மட்டும் என்னோடு வீட்டுக்கு வரும்.