வக்கீல் மேல் புகார்: பார் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு எப்படி? கடலூர், புதுச்சேரிக் கட்சிக்காரர்களுக்காக

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வாதாடும் வக்கீலானாலும் புதுச்சேரி வக்கீலானாலும், புகார் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள, வக்கீல்களைப் பதிவு செய்து அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்தான். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு உள்ள அதிகாரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி குழு கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். சாட்சிக்கு சம்மன் அனுப்பவும் ஆவணத்தை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் இதற்கும் உண்டு. கட்சிக்காரரை வக்கீல் சமாதானம் செய்து புகாரை வாபஸ் வாங்க வைத்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி. இது உண்மையிலேயே நல்ல விதி.

குழுவில் மூன்று பேர்: கவுன்சில் உறுப்பினர்கள் இருவர், வெளியிலிருந்து சேர்க்கப்படும் மூத்த வக்கீல் ஒருவர். மூவரும் வக்கீல்களே. பொதுமக்கள் தரப்பில் ஒருவராவது இருக்க வேண்டும். இந்த அமைப்பின் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

புகார் நேராகக் குழுவுக்குப் போகாது. முகாந்திரம் இருக்கிறதா என்று கவுன்சில் முதலில் பார்க்கும். பல மனுக்கள் விழுவது இங்கேதான். ‘வக்கீல் ஏமாற்றிவிட்டார், கேஸ் தோற்றுவிட்டது’ என்று எழுதினால் நிற்காது. வெறும் கவனக்குறைவு மட்டும் தொழில் ஒழுங்கீனம் ஆகிவிடாது. குற்ற வழக்குக்கு நிகரான நிரூபணம் கேட்பார்கள். ‘இன்ன தேதியில், தடையாணை மனு போடுவதற்கென்று, இந்த யுபிஐ பரிவர்த்தனை எண்ணில் இவ்வளவு கொடுத்தேன், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் என் வழக்கின் சி.என்.ஆர். எண் (வழக்குக்கான தனி அடையாள எண்) போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு மனுவே தாக்கலாகவில்லை’ என்று எழுத வேண்டும். பணத்தை ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காதவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். வக்காலத்து நகலில் உள்ள முத்திரையிலேயே வக்கீலின் என்ரோல்மென்ட் எண் (பார் கவுன்சில் பதிவு எண்) இருக்கும். அதையும் மனுவில் சேருங்கள்.

மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கையெழுத்தோடு, சிவில் மனுவில் போடுவது போல, சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழிப் பகுதியும் கட்டாயம். கட்டணத்தையும் கூடவே கட்ட வேண்டும். எழுதித் தர ஆளில்லாத பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் வருமான வரம்பு இல்லாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைத் தர மறுப்பது இங்கே சகஜம். அது ஒழுங்கீனம் என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போடலாம், கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. எழுத்து மூலம் கட்டைக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பிய கடிதமும், அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் இந்தப் புகாருக்கு முதுகெலும்பு.

காலக்கெடுதான் வேதனை. புகார் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் விவகாரம் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்கிறது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவு. கட்சிக்காரரைக் காப்பாற்ற வந்த விதி, சென்னைக்கே பஸ் ஏறி வருகிறவரை டெல்லிக்கு அலைய வைக்கிறது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போதெல்லாம் உங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உத்தரவு திருப்தியில்லை என்றால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு. அங்கிருந்து உச்ச நீதிமன்றம், அதற்கும் 60 நாள்.

போன பணத்துக்கு இங்கே நஷ்டஈடு கிடைக்காது. அதற்கு சிவில் வழக்கு, மோசடி என்றால் போலீஸ் புகார். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு: வக்கீல் ஆஜராகாமல் உங்கள் வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், அதை மீட்கும் மனுவுக்கு 30 நாள்தான் கெடு. புகார் எழுத உட்காருவதற்கு முன் வேறு வக்கீல் வைத்து அதைத் தாக்கல் செய்துவிடுங்கள்.