எதிர்வுகூறல் சந்தை: இரண்டு வருடப் பாவனையிலும் தீராத எரிச்சல்

"ஓடர் போட்டு வைத்தால் என்ரை அணி சறுக்கும்போது மட்டும்தான் அது வாங்குப்படுது, ஏன் அண்ணை?" என்று மல்லாவியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். காசில்லாமல் புள்ளிகளில் ஓடும் ஒரு தளத்தை இரண்டு வருடம் பாவித்ததை வைத்துச் சொல்கிறேன்.

எதிர்வுகூறல் சந்தை என்றால் ஒரு ஆட்டத்தின் முடிவைப் பங்காக வாங்கி விற்கும் இடம். "இந்த அணி வெல்லும்" என்ற பங்கு வென்றால் 100, இல்லாவிட்டால் 0. விலை 62 என்றால் சந்தையின் கணிப்பில் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 62 வீதம். எதிரணிப் பங்கு 41க்கு விற்றால் இரண்டும் சேர்ந்து 103. இரண்டையும் வாங்குகிறவருக்கு 3 புள்ளி நிச்சய நட்டம்.

திரையில் 62 என்று தெரிந்தாலும், 50 பங்கு வேண்டுமென்றால் எல்லாமே அந்த விலைக்குக் கிடைக்காது. 62க்கு 10, 66க்கு 15, 71க்கு 25 என்று விற்பனைக்கு நின்றால், "உடனே வாங்கு" அமத்தியதும் 3,385 புள்ளி போய்விடும். சராசரி 67.7. அதனால் "இந்த விலைக்கு மேல் வாங்கமாட்டேன்" என்று விலை குறித்த ஓடரே போடவேண்டும்.

தம்பி மாட்டியது அதற்கு அடுத்த இடத்தில். 60க்கு வாங்குவதாக ஓடர் காத்திருக்கிறது. உங்கள் அணியின் விக்கெட் விழுகிறது, பங்கின் உண்மையான மதிப்பு 45 ஆகிறது. மைதானத்தில் இருப்பவரும் ஸ்கோர் வேகமாக வந்துசேரும் வசதி வைத்திருப்பவரும் அந்தக் கணமே உங்களுக்கு 60க்கு விற்றுவிடுவார்கள். இணைய ஒளிபரப்போ அரை நிமிடம்கூடப் பிந்தி வரும். ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரம் சிக்னல் இறங்கினால் இன்னும் பிந்தும். நீங்கள் பந்துவீச்சாளர் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஓடர் நிறைவேறி முடிந்திருக்கும். நல்ல செய்தி என்றால் விலை மேலே பாயும், 60க்கு விற்க ஒருவரும் வரமாட்டார்கள். கெட்ட செய்திக்கு மட்டும் வாங்குப்படுவது இதனால்தான்.

சில தளங்கள் ஆட்டம் தொடங்கும்போது காத்திருக்கும் ஓடர்களைத் தாங்களே அழிக்கும். நான் பாவிக்கும் தளம் அழிப்பதில்லை. இரண்டு வருடமாக மாறாத இந்தக் குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. நாணயச் சுழற்சிக்கு முன்னரே கையால் அழித்துவிடுங்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். 40க்கு வாங்கியதை ஆட்டம் முடிய முன்னரே 75க்கு விற்று வெளியேறலாம். ஒரு அணியின் நிலையை இவ்வளவு துல்லியமாக ஒரே எண்ணில் காட்டுவது வேறொன்றும் இல்லை. அது உண்மையிலேயே அருமை. ஆனாலும் ஆட்டம் நடக்கும்போது பாவிக்க 5க்கு 2தான் கொடுப்பேன்.

முடிவில் எந்தப் பங்குக்கு எவ்வளவு என்று சொல்லும் தீர்வு விதியை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். துடுப்பாட்டத்தில் மழையால் முடிவில்லை என்றால் சில இடத்தில் புள்ளி திரும்பும், சில இடத்தில் இரண்டு அணிப் பங்குக்கும் தலா 50, சில இடத்தில் இரண்டு அணிப் பங்கும் 0. உதைபந்தாட்டத்தில் 90 நிமிடமா, முழு முடிவா என்று பாருங்கள். 2022 உலகக் கிண்ண இறுதியில் 90 நிமிடத்தில் 2-2. ஆர்ஜென்ரீனா வென்றது பெனால்ரியில். 90 நிமிடச் சந்தையில் ஆர்ஜென்ரீனாப் பங்குக்குக் கிடைப்பது 0.