லங்காவி அயர்ன்மேன்: பினாங்குக்காரர் நேரத்தை எங்கே குறைக்கலாம்?

நவம்பர் வாக்கில் லங்காவியில் நடக்கும் அயர்ன்மேன் மலேசியாவுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் நீண்ட டிரையத்லான் போட்டி) தயாராகிறவர்கள், பினாங்கோ கோலாலம்பூரோ, பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். போன தடவையைவிட ஒரு மணி நேரம் குறைக்க வேண்டும், எதை மாற்றலாம்? புது சைக்கிளா, மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் பவர் மீட்டரா, சக்கரமா, காலணியா?

பதிலுக்கு முன் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 13 மணி 30 நிமிடத்தில் முடிக்கும் ஒருவரின் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 3.8 கி.மீ. நீச்சல் 1:25, 180 கி.மீ. சைக்கிள் 6:40, 42.2 கி.மீ. ஓட்டம் 5:05, உடை மாற்றும் இரண்டு இடங்களிலும் சேர்த்து 20 நிமிடம். இதே ஆள் தனி மாரத்தானை 4:10-இல் ஓடக்கூடியவர். இடையில் இருக்கும் 55 நிமிடத்தில் பாதி, சைக்கிள் மிதித்து வந்த களைப்பு. அதைத் தவிர்க்க முடியாது. மீதிப் பாதி வெயிலிலும், வயிற்றுக் கோளாறிலும், சைக்கிளின் முதல் 60 கி.மீட்டரில் காட்டிய அவசரத்திலும் கரைந்தது. ஆகவே கீழே ஒப்பிடும் ஒவ்வொன்றையும் ஒரே அளவுகோலால்தான் எடை போடுகிறோம்: ஓட்டத்தின் 25-ஆவது கி.மீட்டருக்குப் பிறகும் ஓடும் நிலையில் உங்களை அது வைத்திருக்குமா?

ஏரோபாரா, டிரையத்லான் சைக்கிளா?

சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் சக்தியில் பெரும்பங்கைக் காற்றுதான் தின்கிறது. அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பகுதி சைக்கிளால் வருவதில்லை, உங்கள் உடம்பால் வருகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, காற்றில்லாத சமதரை, 140 வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சாதாரண ரோடு சைக்கிளில் பிரேக் பிடிமேல் கை வைத்து ஓட்டுகிறவருக்கு 180 கி.மீ. சுமார் 6:12. அதே சைக்கிளில் ஏரோபார் (கைப்பிடியிலிருந்து முன்னே நீளும் கம்பிகள்) பொருத்தி முன்கைகளை ஊன்றிப் படுத்தால் சுமார் 5:52. நன்றாக அளவெடுத்துப் பொருத்திய டிரையத்லான் சைக்கிளில் சுமார் 5:37. லங்காவி பாதை மேடு பள்ளம் நிறைந்தது. அங்கே மொத்த நேரம் கூடும், இந்த இடைவெளிகளும் கொஞ்சம் சுருங்கும். ஆனால் வரிசை மாறாது.

ஏரோபார் சில நூறு ரிங்கிட். டிரையத்லான் சைக்கிள் புதிதாக வாங்கினால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். முதல் 20 நிமிடம் மலிவாகக் கிடைக்கிறது, அடுத்த 15 நிமிடத்துக்குத்தான் பெரும் பணம். அந்த 15 நிமிடமும் 5 மணி நேரம் குனிந்தே இருக்க முடிந்தால் மட்டுமே கிடைக்கும். 40-ஆவது நிமிடத்தில் கழுத்து வலித்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டால் பத்தாயிரம் ரிங்கிட்டும் வீண்.

ஏரோபாரிலும் ஒரு சிக்கல் உண்டு. ரோடு சைக்கிளின் இருக்கைக் குழாய் ஏறக்குறைய 73 பாகையில் பின்னால் சாய்ந்திருக்கும், டிரையத்லான் சைக்கிளில் அது 78-ஐ ஒட்டி இருக்கும். ரோடு சைக்கிளில் அப்படியே குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும், இடுப்பு மடங்கும், இறங்கி ஓடும்போது முதுகு இறுகியிருக்கும். அதனால் இருக்கையை 2 முதல் 3 செ.மீ. முன்னால் தள்ளுங்கள். 3 செ.மீ. தள்ளினால் சுமார் 1 செ.மீ. உயர்த்தவும் வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் அதிகம் மடங்கும். கிராங்க் (மிதிகட்டையைத் தாங்கும் தண்டு) மாற்றும் வாய்ப்பு இருந்தால் 172.5 மி.மீட்டரிலிருந்து 165-க்கு இறங்குங்கள், இடுப்புக்கு இன்னும் இடம் கிடைக்கும். உங்கள் கைப்பிடி கார்பனாக இருந்தால் அதில் ஏரோபார் மாட்டத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் டார்க் ரென்ச்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் திருகி), கையேட்டில் சொன்ன அளவுக்குமேல் இறுக்காதீர்கள். விரிசல் வெளியே தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும்.

எங்கே பழகுவது என்பதையும் சேர்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். பத்து ஃபெரிங்கி வளைவுகளிலும் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையிலும் ஏரோபாரில் படுத்து ஓட்டக் கூடாது. பிரேக் கைக்கு எட்டாது. தீவைச் சுற்றி வரும் சுமார் 70 கி.மீ. பாதை தொடை பலத்துக்கு அருமையானது, குனிந்த நிலையைப் பழகப் பயன்படாது. அதற்கு ஃபெரியில் சைக்கிளோடு பட்டர்வொர்த் போய் இறங்கி, செபராங் பிறை வடக்கின் வயல்வெளிச் சாலைகளுக்குப் போவதுதான் சரி. கோலாலம்பூர்க்காரர்களுக்குப் புத்ராஜெயாவின் அகலச் சாலைகள் அதிகாலையில் அதே வேலையைச் செய்யும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாள்களில் வெளியே போகாமல், சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் வீட்டு டிரெய்னரில் ஏறிவிடுங்கள். அங்கே 20 நிமிடம் குனிந்து, 2 நிமிடம் நிமிர்ந்து, மறுபடி 20 என்று பழகலாம்.

உயரமான கார்பன் சக்கரங்களைப் பற்றி நிறைய கேட்கிறார்கள். அவை தரும் 3, 5 நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன் டயரைப் பாருங்கள். சாதாரணப் பயிற்சி டயரை எடுத்துவிட்டு நல்ல 28 மி.மீ. பந்தய டயரும் லேடெக்ஸ் டியூபும் போட்டால் இரண்டு சக்கரத்திலும் சேர்த்து 7 முதல் 10 வாட் மிச்சமாகும். மேலே சொன்ன கணக்கில் அது 6 முதல் 9 நிமிடம். லேடெக்ஸ் டியூபில் ஒரே இரவில் காற்று இறங்கும் என்பதால் போட்டிக் காலையில் கட்டாயம் பம்ப் அடிக்க வேண்டும். 75 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 70 பிஎஸ்ஐ சுற்றி போதும். 100 அடித்தால் சாலையின் கரடு உங்களைத் தூக்கிப் போடும், வேகமும் குறையும்.

பவர் மீட்டரா, இதயத் துடிப்பா?

நெஞ்சுப் பட்டையில் துடிப்பைப் பார்த்து ஓட்டுவது மலிவு. ஆனால் நீச்சல் முடித்து ஓடி வந்து சைக்கிளில் ஏறியதும் பதற்றத்தில் துடிப்பு எப்படியும் ஏறியே இருக்கும், முதல் அரை மணி நேரம் அந்த எண்ணை நம்ப முடியாது. நண்பகலுக்குப் பிறகு அதே வாட்டில் மிதித்தாலும் வெப்பத்தால் துடிப்பு 10, 15 கூடும்.

பவர் மீட்டர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. 20 நிமிடம் முழு மூச்சில் மிதித்துக் கிடைத்த சராசரியின் 95 விழுக்காடுதான் உங்கள் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட். அது 200 வாட் என்றால் முழுத் தூரத்துக்கு 130 முதல் 140 வாட், மேட்டில் அதிகபட்சம் 170. முதல் ஒரு மணி நேரம் இது அவமானமாக இருக்கும், எல்லோரும் தாண்டிப் போவார்கள். போகட்டும். தொடையில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜனை மேட்டில் எரித்தவர் ஓட்டத்தில் நடப்பார்.

ஆனால் பவர் மீட்டரும் முழு உண்மையைச் சொல்லாது. காலை எட்டு மணிக்கு மிதிக்கும் 140 வாட்டும் பிற்பகல் ஒரு மணிக்கு மிதிக்கும் 140 வாட்டும் உடம்புக்கு ஒன்றல்ல. எங்கள் முடிவு: முதல் 90 கி.மீட்டருக்கு வாட்டை உச்சவரம்பாக வையுங்கள், அடுத்த 90-க்குத் துடிப்பை. நீளப் பயிற்சிகளில் உங்களால் ஐந்து மணி நேரம் தாங்க முடிந்த துடிப்பைத் தாண்டினால், வாட் குறைவாகக் காட்டினாலும் மேலும் குறைத்துவிடுங்கள். இன்னொன்று: இரவு முழுக்க வெளியில் நின்ற சைக்கிளின் பவர் மீட்டரைப் போட்டிக் காலையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். வெப்பநிலை மாறினால் எண்ணும் மாறும்.

ஜெல்லா, வீட்டுக் கலவையா, சாப்பாடா?

மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வேண்டும். குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடல் மணிக்கு 60 கிராம் வரைதான் உறிஞ்சும், மீதி வயிற்றில் தேங்கும். ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உறிஞ்சப்படுவதால் இரண்டையும் கலந்தால் 80, 90 வரை போகலாம்.

ஒரு ஜெல் பொட்டலத்தில் (கெட்டியான சர்க்கரைப் பாகு) சுமார் 25 கிராம். சைக்கிளில் 6 மணி 30 நிமிடத்துக்கு மணிக்கு 75 கிராம் என்றால் கிட்டத்தட்ட 20 ஜெல், 150 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். அது போட்டி நாள் செலவு மட்டும். ஒவ்வொரு நீளப் பயிற்சியிலும் அதையே சாப்பிட்டால்தான் குடல் பழகும் என்பதால் செலவு பல மடங்காகிறது. அதற்குப் பயந்து பயிற்சியில் தண்ணீரோடு ஓட்டிவிட்டுப் போட்டி நாளில் மட்டும் 20 ஜெல் விழுங்குகிறவர்கள்தான் ஓட்டத்தில் கழிவறை வாசலில் நிற்கிறார்கள்.

வீட்டுக் கலவை எளிது. மணிக்கு 30 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் (உடம்பில் குளுக்கோஸாக மாறும் மாவுச்சத்துத் தூள்), 50 கிராம் சாதாரணச் சீனி. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் என்பதால் மொத்தம் குளுக்கோஸ் 55-க்கு ஃப்ரக்டோஸ் 25, தேவையான இரண்டுக்கு ஒன்று விகிதத்தை ஒட்டி வந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு 90 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினும் 150 கிராம் சீனியும் ஒரு 750 மி.லி. போத்தலில். வெந்நீரில் கரைத்து, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, சுமார் 5 கிராம், சேருங்கள். 1 கிராம் உப்பில் கிட்டத்தட்ட 390 மி.கி. சோடியம் இருக்கிறது. அப்படியானால் மணிக்கு 650 மி.கி. கிடைக்கும். நிறைய வியர்ப்பவருக்கும், காய்ந்த சட்டையில் வெள்ளைத் திட்டு விழுகிறவருக்கும் இன்னும் வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் திகட்டாது.

இந்தக் கெட்டிப் பாகை அப்படியே குடித்தால் வயிறு உப்பும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வாய், உடனே இரண்டு மூன்று வாய் வெறும் தண்ணீர். முந்தைய நாளே கலந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள், நம் ஊர் சூட்டில் புளித்துவிடும். இரண்டாவது போத்தலைப் பாதி வழியில் எடுத்துக்கொள்ளும் பையில் உறையவைத்து அனுப்பலாம். அளவை எட்டு வாரத்தில், மணிக்கு 50 கிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

சாப்பாட்டுக்கும் இடமுண்டு, ஆனால் குறைவு. சைக்கிளின் முதல் மூன்று மணி நேரத்தில் வாழைப்பழமோ காயா தடவிய வெள்ளை ரொட்டியோ நாக்குக்கு மாற்றாக இருக்கும். நாசி லெமாக்கும் தேங்காய்ச் சட்னியும் கொழுப்பு. வயிற்றைவிட்டு மெதுவாக இறங்கும். போட்டிக்கு மூன்று மணி நேரம் முன் நான்கைந்து இட்லியைச் சீனி தொட்டுச் சாப்பிடலாம், சாம்பார் வேண்டாம். இளநீர் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து: இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த 1 கிலோ, 1 லிட்டர் வியர்வை. உங்கள் அளவு அதில்தான் இருக்கிறது.

வெயிலைப் பழகும் மூன்று வழிகள்

"நாம் பிறந்ததே இந்த வெயிலில்தானே" என்பது நம்மிடையே உள்ள பெரிய ஏமாற்று. ஐந்தரை மணிக்கு 25 பாகையில் ஓடிவிட்டு, நாள் முழுக்கப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் குளிர்சாதன அறையில் இருக்கும் உடம்பு வெயிலுக்குப் பழகியதல்ல. போட்டியில் மாரத்தான் தொடங்குவது பிற்பகலில். பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து உடம்பைச் சூடாக்கினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதே வேகத்தில் துடிப்பு இறங்கும்.

நண்பகலில் ஓடுவது ஒரு வழி. உண்மையான வெயில், உண்மையான தார்ச்சாலை. ஆனால் கால் களைப்பு சேரும். வீட்டிலிருந்து 5 கி.மீ. தள்ளி மயக்கம் வந்தால் உதவிக்கு ஆளில்லை. வெந்நீர்த் தொட்டி இரண்டாவது வழி: 40 நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு 40 பாகை நீரில் கழுத்துவரை 20 நிமிடத்தில் தொடங்கி 40 வரை, ஆறு நாள். காலுக்கு வேலை இல்லை. ஆனால் அடுக்குமாடி வீடுகளில் தொட்டி கிடையாது. எழும்போது தலை சுற்றும், வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மூன்றாவது, மின்விசிறியை அணைத்துவிட்டு டிரெய்னரில் 60 நிமிடம், எஃப்டிபியில் பாதி வாட்டில்.

இந்த மூன்றாவதையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். தலை லேசானால் அந்த நொடியே இறங்கிவிடலாம், தூரமும் வேகமும் ஆசை காட்டாது. முடிந்ததும் கைப்பிடித் திருகாணிகளில் சொட்டிய வியர்வையைத் துடையுங்கள், உப்பு அரித்துவிடும். நண்பகல் ஓட்டத்தை வாரத்துக்கு ஒன்றாக, காலணியையும் வெயில் களிம்பையும் தொப்பியையும் சோதிக்க மட்டும் வையுங்கள். எந்த வழியானாலும் சிலிர்ப்பு, தள்ளாட்டம், பேச்சில் குழறல் வந்தால் அது பயிற்சியல்ல, வெப்பத்தாக்கு. உடனே ஐஸ் தண்ணீரில் உடம்பைக் குளிரவைக்க வேண்டும்.

நிற்காமல் ஓட்டமா, பந்தலுக்குப் பந்தல் நடையா?

இதில் மனம் ஒன்று சொல்லும், கணக்கு வேறு சொல்லும். ஏறக்குறைய 2 கி.மீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் என்று வைத்தால் மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் 30 விநாடி நடந்தால் இழப்பு 10 நிமிடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் நடக்கும்போதும் முன்னேதான் போகிறீர்கள். 30 விநாடியில் 50 மீட்டர் நடப்பீர்கள்; கி.மீட்டருக்கு 6:30 வேகத்தில் அதை ஓட 20 விநாடி ஆகும். உண்மையான இழப்பு ஒரு பந்தலுக்கு 10 விநாடி, மொத்தம் மூன்றரை நிமிடம். நிற்காமல் ஓடி, கடைசி 12 கி.மீட்டரில் ஒவ்வொன்றையும் 7 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடமாக இழுத்தால் போவது 36 நிமிடம்.

அந்த 30 விநாடியில் இரண்டு வாய் குடித்து, தொப்பிக்குள்ளும் நெஞ்சுச் சட்டைக்குள்ளும் ஐஸ் போட்டு, பஞ்சைக் கழுத்தில் பிழியுங்கள். தலைமேல் குவளையாக ஊற்றினால் தண்ணீர் காலணிக்குள் இறங்கி 15 கி.மீட்டரில் கொப்புளம் கிளம்பும். குனிந்து பின்கழுத்தில் ஊற்றுங்கள். விரலிடுக்கில் வாசலின் முன்பே தடவியிருக்க வேண்டும்.

குளமா, கடலா?

நீச்சலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், வாரம் மூன்று நாள் ஆறு மாதம் உழைத்தாலும் பெரும்பாலோருக்கு இதில் குறைவது 10 நிமிடம்தான். நுட்பம் குளத்தில்தான் திருந்தும், வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போதும். கடலில் கற்க வேண்டியது நேராகப் போவது. வழி தவறி 5 விழுக்காடு சுற்றினால் 190 மீட்டர், நான்கு நிமிடம் கூடும். எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்குமேல் தூக்கி மிதவையைப் பாருங்கள்; தலையையே தூக்கினால் கால் தாழும். முன்னால் போகிறவரின் பாதத்தை ஒட்டி நீந்துவதை நீச்சலில் விதி அனுமதிக்கிறது, சைக்கிளில்தான் 12 மீட்டர் இடைவெளி. கடல் நீர் சூடு என்பதால் வெட்சூட் (உடம்பைச் சூடாக வைக்கும் ரப்பர் நீச்சலாடை) இருக்காது. நீச்சல் தோலாடை வாங்கினால் 100 மீட்டருக்கு ஓரிரு விநாடி கிடைக்கலாம். தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி பக்கம் பெட்டி ஜெல்லிமீன்கள் உண்டு. தனியாக இறங்காதீர்கள், கரையில் ஒரு போத்தல் வினிகர் இருக்கட்டும், கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் அதை ஊற்றிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.