உப்பு அறையா, நெபுலைசரா, மூக்குக் கழுவலா? மூச்சுக்குள் போகும் உப்பின் கணக்கு

போன வருஷம் அம்மாவைச் சென்னையில் ஓர் உப்பு அறைக்கு அழைத்துப் போனேன். அம்மாவுக்கு இருபது வருஷமாக இழுப்பு. பத்து சிட்டிங் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே கட்டியாயிற்று. சுவர் முழுக்க இளஞ்சிவப்பு இந்துப்புப் பாளங்கள், தரையில் கால் புதையும் அளவுக்குக் கல்லுப்பு, சாய்வு நாற்காலி, மங்கலான விளக்கு. 45 நிமிஷம் கழித்து வெளியே வந்த அம்மா உதட்டை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "கரிக்குதுடி" என்றார்.

அந்தக் கரிப்பு எவ்வளவு உப்பு என்று அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

உப்பு அறையில் வேலை செய்வது சுவர் இல்லை. ஹாலோஜெனரேட்டர் என்ற கருவி உப்பை நுண்தூளாக அரைத்து அறைக்குள் ஊதுகிறது. மூச்சுக்குழாயின் உள்கிளைகள் வரை போக வேண்டுமென்றால் துகள் ஐந்து மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். காற்றில் கலக்கும் அளவு கன மீட்டருக்குச் சில மில்லிகிராம்தான். தாராளமாகப் பத்து மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். சும்மா சாய்ந்திருப்பவர் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுப்பார். 45 நிமிஷத்தில் முந்நூறு லிட்டர், அதாவது கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக உள்ளே போவது மூன்று மில்லிகிராம் உப்பு. அதிலும் ஒரு பகுதி மூச்சோடு திரும்பி வந்துவிடும்.

கருவியே இல்லாத உப்பு அறைகளும் உண்டு. பாளம் அடுக்கி விளக்குப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். உப்பு தானாக ஆவியாகிக் காற்றில் கலப்பதில்லை. அது உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டில் வைக்கும் உப்பு விளக்குக்கும் இதே பதில். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி வியர்ப்பதைப் பார்க்காத வீடு நம் கடற்கரை ஊர்களில் கிடையாது. எங்கள் வீட்டு உப்பு விளக்கும் அப்படித்தான் ஐப்பசியில் ஒழுகி, மேஜை வார்னிஷைத் தின்றுவிட்டது. விளக்கு அழகுக்கு இருக்கட்டும், மூச்சுக்கு ஆகாது.

இப்போது நெபுலைசர், அதாவது திரவ மருந்தைப் பனிபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் சளி பசைபோல இறுகிவிடும். அவர்களுக்கு 7 சதவீத உப்புக் கரைசலை நான்கு மில்லி, நாளைக்கு இரண்டு வேளை நெபுலைசரில் கொடுக்கிறார்கள். அந்த நான்கு மில்லியில் 280 மில்லிகிராம் உப்பு. பாதிக்கு மேல் கருவியிலும் தொண்டையிலும் தங்கி, பத்தில் ஒரு பங்குதான் நுரையீரலுக்குப் போகிறது என்றாலும் 28 மில்லிகிராம். உப்பு அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இழுப்பதைப்போல ஒன்பது மடங்கு! ஆஸ்திரேலியாவில் 164 நோயாளிகளிடம் 48 வாரம் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நெஞ்சில் தொற்று முற்றிப் படுக்கும் தடவைகள் நன்றாகக் குறைந்தன. கடலில் அலைச்சறுக்கு விளையாடும் நோயாளிகள் மற்றவர்களைவிடத் தேவலையாக இருக்கிறார்களே என்று அங்குள்ள மருத்துவர்கள் கவனித்ததுதான் தொடக்கம்.

அதனால் ஆஸ்துமாக்காரர்கள் இதை வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டிக் கரைசல் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்காரர்களுக்கே முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் இதைக் கொடுக்கிறார்கள். எந்த நோய்க்கு, எந்த அடர்த்தி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

உப்பு அறைக்காரர்கள் முதலில் சொல்வது போலந்தின் வியலிச்கா சுரங்கக் கதை. பொய்யில்லை. ஃபெலிக்ஸ் போச்கோவ்ஸ்கி என்ற மருத்துவர் 1840-களில் அங்கே நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார். இன்றும் பூமிக்கடியில் 135 மீட்டர் ஆழத்தில் மூச்சுப் பயிற்சியோடு சிகிச்சை நடக்கிறது. ஆனால் சுரங்கத்தில் உப்பு மட்டுமா இருக்கிறது? மகரந்தம் இல்லை, வண்டிப் புகை இல்லை, வருஷம் முழுக்க ஒரே குளிர்ச்சி. ஒவ்வாமைக்காரருக்கு அதுவே பெரிய ஓய்வு. இதில் எது உப்பின் வேலை, எது சுத்தமான காற்றின் வேலை என்று பிரிப்பது கஷ்டம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பு சுரங்கச் சிகிச்சை பற்றி 2001-இல் அலசியபோது தேறியவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 124 ஆஸ்துமாக் குழந்தைகள். நம்பிச் சொல்லப் போதாது என்றே முடித்தார்கள்.

உப்பு அறைக்குச் சாதகமான ஆய்வையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலில் லேசான ஆஸ்துமா உள்ள 55 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கருவி ஓடிய உப்பு அறை, மற்றதற்குக் கருவி ஓடாத அதே மாதிரி அறை. ஏழு வாரத்தில் 14 சிட்டிங். 2017-இல் வந்த முடிவில், கருவி ஓடிய பிரிவில் மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கும் தன்மை குறைந்திருந்தது. ஆனால் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையிலும், அழற்சியைக் காட்டும் அளவிலும் மாற்றமில்லை. எனக்கு இது நம்பிக்கை தரும் சிறிய செய்தி. இதை வைத்துப் பத்தாயிரம் ரூபாய் பேக்கேஜ் விற்பது நியாயம் இல்லை.

அரைத்த உப்புத் தூளின் இன்னொரு முகத்தை அம்மா சின்ன வயதிலேயே பார்த்தவர். தாத்தாவுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. "உப்புக் காத்து நெஞ்சுக்கு நல்லதுன்னா எங்க அப்பாவுக்கு ஏன் அவ்வளவு இருமல்?" என்று அம்மா கேட்டார். ராஜஸ்தானில் உப்பு அரைவை ஆலைப் பக்கம் வேலை செய்பவர்களிடம் ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதாக 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. முகமூடி போட்டதும் குறைந்ததாம். உப்பு அறையின் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது, பயப்பட வேண்டாம். ஆனாலும் பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பிரச்சினை மூக்கில் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது மூக்குக் கழுவல். யோகாவில் ஜலநேத்தி என்பார்கள். கால் லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டேகால் கிராம் உப்பு, அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. கண்ணீரின் உப்பும் ஏறக்குறைய இதே அளவுதான், அதனால் எரியாது. தூசும் மகரந்தமும் சளியும் கையோடு வெளியே வரும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஒன்றே ஒன்று: கொதிக்க வைத்து ஆறிய நீர்தான், குழாய் நீர் கூடவே கூடாது. கேரளத்தில் குளத்து நீர் மூக்கில் ஏறி மூளையைத் தின்னும் அமீபா உயிர்களைப் பறித்த செய்தியை எல்லோரும் படித்திருப்போம்.

நொச்சி போட்டு ஆவி பிடிப்பது அடைத்த மூக்குக்கு இதம். குழந்தைகள் பக்கத்தில் கொதிக்கும் பாத்திரம் வேண்டாம், அவ்வளவுதான்.

மூன்றாவது சிட்டிங்கில் அங்கிருந்தவர், "பம்ப்பை மெல்ல மெல்லக் குறைச்சிடலாம்மா, அது பழகிடும்" என்றிருக்கிறார். பம்ப் என்றால் அம்மா இழுப்புக்குத் தினமும் எடுக்கும் இன்ஹேலர். அம்மா என்னிடம் சொல்லாமலே அதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. "தண்ணி... குடு" என்பதற்குள் தோள் ஏறி ஏறி இறங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவில் விடியும்வரை இருந்தோம்.

அந்த பம்ப்பில் ஒரு தடவை உறிஞ்சும் இழுப்புக்கு 200 மைக்ரோகிராம் புடெசொனைடு என்ற மருந்து. ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. உப்பு அறையின் மூன்று மில்லிகிராமுக்கு முன்னால் தூசு மாதிரிதான், ஆனால் மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிப்பது அந்தத் தூசுதான். நேரே போய் வேலை செய்வதால்தான் இவ்வளவு குறைந்த அளவு போதுமாகிறது. பழகிவிடும் என்பது தவறான பயம்; நிறுத்தினால் திரும்ப வருவது நோய். உப்பு அறைக்கு ஓய்வுக்காகப் போகிறவர் போகட்டும், பம்ப்பைக் கைவிடாமல் போகட்டும்.

மீதி ஏழு சிட்டிங்குக்கு நாங்கள் போகவில்லை. அம்மா இப்போது காலையில் பல் தேய்த்ததும், பம்ப்பில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வழியாக இரண்டு இழுப்பு எடுக்கிறார். வாயில் பூஞ்சை வராமலிருக்க நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் காபி.