ஹெட் மாற்றிய கையோடு எழுதுகிறேன்

எங்கள் ஆர்எஃப்ஐடி பிரிண்டருக்கு, அதாவது ரேடியோ அலையால் படிக்கும் சிப் வைத்த லேபிள்களை அடிக்கும் பிரிண்டருக்கு, போன வாரம்தான் ஹெட் (அச்சடிக்கும் பாகம்) மாற்றினோம். அதே மாடலை வாங்கலாமா என்று ஜொகூரில் கிடங்கு வைத்திருக்கும் நண்பர் கேட்டு மூன்று நாளாகிறது.

சிங்கப்பூர் துவாஸில் எங்கள் வேர்ஹவுஸுக்கு இது வந்து மூன்றரை வருடம். அச்சு பளிச்சென்று விழும். வேகமும் போதும். என் சண்டையெல்லாம் ‘வாய்ட்’ என்ற ஒரே சொல்லோடுதான்.

இந்த பிரிண்டர் முதலில் லேபிளுக்குள் இருக்கும் சிப்பில் 96 பிட் எண்ணை எழுதும். அப்புறம்தான் மேலே அச்சடிக்கும். எழுத முடியாவிட்டால் லேபிளின் குறுக்கே ‘வாய்ட்’ (செல்லாது) என்று அடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததில் முயலும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாசலில் லோரி காத்திருக்க, பத்தில் மூன்று வாய்டாக வந்தால் யாருக்கு நியாயம் பேசத் தோன்றும்? சாதா ஸ்டிக்கரா இது, வீசிவிட்டுப் போக?

விற்ற கடையில் கேட்டேன். “சிப்பில எழுதுற பவரைக் கூட்டுங்கண்ணே” என்றார்கள். கூட்டினேன், வாய்ட் நின்றது. இரண்டாம் நாள் கேட்டில் ஸ்கேன் செய்யும் தம்பி ஓடி வந்தான்: “அண்ணே, பெட்டியில 418னு அடிச்சிருக்கு, ரீடர் 417ங்குது!” பவர் கூடியதும், 417க்கு எழுதியதை அடுத்த லேபிளின் சிப் வாங்கிக்கொண்டிருக்கிறது. வாய்டாவது கண்ணுக்குத் தெரியும். இது பெட்டியோடு கப்பலேறிவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் பழைய லேபிள் ரோலையும் அப்போது ஓடிக்கொண்டிருந்த புதிய ரோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழையதில் சிப், அந்தக் கறுப்புப் புள்ளி, லேபிளின் நடுவில். புதியதில் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. பிரிண்டருக்குள் எழுதும் ஆன்டெனா நகராது. லேபிள்தான் அதன் எதிரே சரியாக வந்து நிற்கவேண்டும். லேபிள் நிற்கும் இடத்தைப் பிரிண்டரே அளந்துகொள்ளும் கேலிப்ரேஷனை மறுபடி ஓட்டி, பவரைக் கூட்டாமல் குறைத்தேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு வாய்ட் வந்தால் அதிகம். அதன்பின் ஒரு வருடம் இந்த பிரிண்டரைப்போல உண்டா என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹெட் தேய்ந்ததில் எங்கள் தப்பும் இருக்கிறது. சிப் இருக்குமிடம் லேசாக மேடு தட்டும். பார்கோடை அதன் மேலேயே வைத்திருந்தோம். மேடு ஒரே இடத்தில் உரசி உரசி, பார்கோடுக்குள் நூல் மாதிரி வெள்ளைக் கோடு விழ ஆரம்பித்தது. இடத்தை மாற்றி வைத்திருந்தால் கோடு விழுந்தாலும் ஸ்கேன் தடுமாறியிருக்காது.

நண்பர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சிப்போடு பேசும் ரேடியோ அலைவரிசை இங்கே சிங்கப்பூரில் 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ், அவர் பக்கம் மலேசியாவில் 919 முதல் 923. மலிவாகக் கிடைக்கிறதே என்று இங்கிருந்து தூக்கிக்கொண்டு போனால் வட்டார செட்டிங்கை மாற்றவேண்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். ஹெட் மாற்ற வந்தவர் செட்டிங் மொத்தத்தையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விட்டார். இன்று காலை முதல் ரோலிலேயே வரிசையாக ஐந்து வாய்ட். என் பவர் எண்ணை மூடியின் உள்பக்கம் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டியிருந்தேன். சுத்தம் செய்கிறேன் என்று அதையும் உரித்துப் போட்டிருக்கிறார்.