களத்து நெல்லை ஈரம் பார்த்துப் பிரிக்கும் எக்செல் தாள்: நான்கு பருவ அனுபவம்

குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டினால் ஒரே களத்தில் 16 சதவீத ஈரத்திலும் நெல் கிடக்கும், 24-லும் கிடக்கும். கொள்முதல் நிலையத்தின் வழக்கமான வரம்பு 17. எந்தக் குவியலை இன்றே மூட்டை பிடிக்கலாம், எதற்கு ஒரு வெயில், எதற்கு இரண்டு வெயில் என்று பிரிக்கத்தான் இந்தத் தாள்.

முதலில் போட்டது இஃப்-க்குள் இஃப் (IF, நிபந்தனை பார்த்து விடை தரும் சூத்திரம்). மூன்று வகைக்கு அது போதும். ஆனால் வரம்பு சூத்திரத்துக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிய மழைக்குப் பின் மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்தியது. அப்படி மாறும்போது ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும்; ஒரு வரி விட்டுப்போனாலும் தாள் வாய் திறக்காது.

அடுத்தது விலுக்கப் (VLOOKUP, அட்டவணையில் தேடி எடுக்கும் சூத்திரம்). வரம்புகளைத் தனி அட்டவணையாக வைத்து, சூத்திரத்தின் கடைசி இடத்தில் ட்ரூ (TRUE) கொடுக்க வேண்டும். இது கீழ் வரம்பைப் பார்க்கும். அட்டவணையில் 17 என்று எழுதினால் சரியாக 17 உள்ள நெல் அடுத்த வகைக்குத் தாவிவிடும். 17.1 என்று எழுதி, அளவை ரவுண்ட் (ROUND) போட்டு ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகும். அட்டவணை ஏறுவரிசையில் இல்லையென்றால் பிழை காட்டாமலே தப்பு விடை தரும். அதுதான் இதில் மோசமான குணம்.

இப்போது நிலைத்திருப்பது எக்ஸ்லுக்கப் (XLOOKUP), விலுக்கப்பின் புது வடிவம். பொருத்தும் முறைக்கு 1 கொடுத்தால் அடுத்த பெரிய மதிப்பை எடுக்கும். 17, 19, 22, 100 என்று மேல் வரம்பை அப்படியே எழுதலாம், வரிசையும் தேவையில்லை. எக்செல் 2019-இல் இது கிடையாது. கூகுள் ஷீட்ஸில் உண்டு. அட்டவணை முகவரியில் டாலர் குறி ($) போடாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் முகவரியும் நகர்ந்துவிடும், எதுவும் உருப்படாது.

பாதித் தொல்லை பதிவில்தான். '17.2%' என்று அடித்தால் உள்ளே 0.172 ஆகி, ஈர நெல் முதல் வகையில் உட்கார்ந்துகொள்ளும். '16.8 சதம்' என்று அடித்தால் அது எழுத்து. எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரிது என்பது எக்செல் கணக்கு. அதனால் இஃப் சூத்திரத்தில் காய்ந்த நெல் கடைசி வகைக்குப் போய்விடும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது எண்ணல்ல, எழுத்து. பதிவுக்கு எல்லை போடும் டேட்டா வேலிடேஷனில் 8 முதல் 35 வரை மட்டும் அனுமதித்தால் இரண்டும் நின்றுவிடும். வெற்றுக் கட்டம் இஃப்-க்குப் பூஜ்யம். அதைத் தனியாகத் தடுக்க வேண்டும்.

மூட்டைக் கணக்கை ஈர எடையில் போடக்கூடாது. 22 சதவீத நெல் 100 கிலோ, 17-க்குக் காய்ந்தால் 94 கிலோதான். எடையை (100 − ஈரம்) ஆல் பெருக்கி 83-ஆல் (100 − 17) வகுத்து, பிறகு 40 கிலோ மூட்டையாகப் பிரித்தால் சாக்கு எண்ணிக்கை சரியாக வரும்.